அழுகைக் கதையைப் பார்த்துச் சிரித்த என் அக்காவுக்கு

பஸ்ஸில் எப்போதும் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் என் புவனாக்கா,

நீ கண்ணை மூடிய பிறகு வீட்டில் டிவி ஓயாமல் ஓடுகிறது. அம்மா பார்ப்பதில்லை, ஏதாவது சத்தம் இருந்தால் போதும் அவளுக்கு. உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று ஊத்துக்கோட்டையில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்தபோது, நீ பார்த்த அந்த ஜப்பான் அனிமே கார்ட்டூனை மறுபடி போட்டேன்.

அதைக் கண்டாலே அப்போது எனக்கு எரிச்சல் வரும். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பெட்டில் நீ கிடப்பாய். ஊசி குத்திய கையை மணிக்கணக்கில் அசைக்கக் கூடாது. போனைப் பிடித்துக்கொள்வது என் வேலை. திரையில் ஒரு பெண்ணை ராட்சத மெஷினுக்குள் அடைத்து, உடம்பெல்லாம் குழாய் மாட்டிச் சண்டைக்கு அனுப்புவார்கள். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். ஜெயித்தாலும் உள்ளேயே உட்கார்ந்து அழுவாள்.

"இன்னாக்கா இது, ஒரே அழுவாச்சி! காமெடி எதுனா போடட்டா?"

"காமெடில எல்லாரும் ஜாலியா சுத்திக்கினு இருக்கானுங்கடா. அதப் பாத்தாதான் எனக்குப் பேஜாராவுது. இவ என்ன மாதிரியே மாட்டிக்கினு கீறா. இவகூட இருந்தா நல்லா கீது."

எனக்கு விளங்கவில்லை. ஒரு எபிசோடில் அவள் நடுச்சண்டையில் அசையாமல் நின்று, "பயமா இருக்கு" என்று மைக்கில் சொல்லிவிடுகிறாள். யாரும் கதவைத் திறக்கவில்லை. அவள் முகம் மட்டும் தெளிந்துவிடுகிறது. அதை நீ திரும்பத் திரும்பப் போடச் சொன்னாய். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். அன்று பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாயே, அந்தத் தெம்பு எங்கிருந்து வந்தது?

இப்போது நான் கும்மிடிப்பூண்டியில் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன், காண்ட்ராக்டில். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே சிக்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் ஷெட்டிலோ ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். ஒரு கை சும்மா கிடைக்கும், அந்தக் கையால் தகட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம், வேலை பறக்கும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்து மாலை போட்டவர்கள், அந்தக் கட்டையையும் கழற்றித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள் அக்கா! லீவு முடிந்ததும் பொட்டோடு அதே இடத்தில் செருகினார்கள்.

ஒவ்வொரு முறை கையை உள்ளே விட்டு எடுத்ததும் விரலை எண்ணிப் பார்ப்பேன். சொன்னால் வேலை போய்விடும். வீட்டுக்கு என் சம்பளம்தான். வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

இன்று காலை முடியவில்லை. கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் வந்தார்.

"இன்னாடா, மெஷின் நிக்குது?"

"பயமா கீது சார். கட்டைய வச்சி ஓட்ட மாட்டேன்."

கட்டையைக் கேட்டு அவர் கையை நீட்டினார். அந்தக் கையில் இரண்டு விரல் பாதிதான். அவரும் ஒரு காலத்தில் பிரஸ் ஓட்டியவர். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டோம்.

"உங்களுக்கு அன்னிக்கிப் பயமா இல்லியா சார்?" என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சி. யார்கிட்டடா சொல்லுவேன்?"

பிறகு, காண்ட்ராக்டர் வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார். கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காண்ட்ராக்டர் இன்னும் வரவில்லை. வேலை இருக்குமா, தெரியாது. ஆனால் அக்கா, பல நாளைக்குப் பிறகு பசித்தது. அம்மா கட்டிக் கொடுத்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

உள்ளே கூப்பிட்டாலும் சரி, வேறு கம்பெனிக்குத் துரத்தினாலும் சரி, தினமும் பத்து விரலோடு அம்மாவிடம் போய் நிற்பேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
சீனு