தடித்த நூல், மெல்லிய நூல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்ல உடம்போடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம், உன் அம்மாவும் நலம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போனது மாதிரி நடந்துகொள்கிறது, சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் நீ போனில் பேசியபோது பின்னால் அம்மா சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தாள், என்னப்பா விஷயம் என்று நீ கேட்டாய், ஒன்றுமில்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை. அவளிடம் கேட்டால் கண் காது மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வாள், ஆகையால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீ சிரிக்கக் கூடாது. மாப்பிள்ளையிடம் காட்டவும் வேண்டாம், அவர் என்மேல் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்.

நம் தெருமுனைக் கிளை நூலகத்தின் மாடி அரங்கம் உனக்கு நினைவிருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அங்கே உட்கார்ந்துதான் படித்தாய், படித்தாயோ தூங்கினாயோ, கன்னத்தில் நோட்டுச் சுருள் கம்பியின் தழும்போடு வீட்டுக்கு வருவாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், நீ ஊரைவிட்டுப் போன பிறகு கொஞ்ச காலம் அம்மா சரியாகவே இல்லை. ஒரே ஜன்னலை நாலு தரம் துடைப்பாள், அப்புறம் அதன் வழியாகவே பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்போதுதான் நூலகர் அவளைக் கூப்பிட்டு, கண் பார்வை மங்கியவர்களுக்குப் புதன்கிழமை தோறும் மாடியில் செய்தித்தாள் வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். நாலு பேரோடு ஆரம்பித்தது, இப்போது பத்தொன்பது பேர் வருகிறார்கள். விளையாட்டுச் செய்திக்கு ஒரு குரல், மரண அறிவிப்புக்கு ஒரு குரல், அரசாங்க அறிக்கைக்கு மூக்கால் ஒரு குரல் என்று அவள் வாசிப்பதைக் கேட்க, கண் நன்றாகத் தெரிகிறவர்களே கண் தெரியாதவர்கள் மாதிரி வந்து உட்காருகிறார்களாம். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்து, கட்டிய தொண்டையோடேயே என்னோடு சண்டை போடுவாள். அந்தச் சண்டை திரும்பி வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உனக்கு மட்டும் சொல்கிறேன்.

அந்த அரங்கத்துக்குத்தான் ஆபத்து வந்தது. அரங்கம் சரியாகப் பயன்படுவதில்லை, பூட்டிவிட்டுப் பழைய இரும்பு அலமாரிகளை அடுக்கப் போகிறோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். ஒரு சனிக்கிழமை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், நிகழ்ச்சிக்குக் கூட்டம் இருந்தால் அரங்கம் தப்பிக்கும். நூலகர் நல்ல பெண், ஆனால் பதினைந்து வருஷமாக எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிச் சொல்லி அவருடைய குரலே உள்ளே போய்விட்டது, உதட்டைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று ஊகிக்க வேண்டும். இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது ஏதோ குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்து நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். அவர் உதடு நின்றபிறகுதான் தெரிந்தது, அந்த மாத நிகழ்ச்சிகளுக்கான அறிவிப்பை எழுதி ஊரெல்லாம் ஒட்ட நான் சம்மதித்துவிட்டேன் என்று.

சம்மதித்தால் என்ன, முப்பத்தொரு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் அறிவிப்பு எழுதியவன் நான். நாளை காலை ஆறு முதல் மாலை நாலு வரை தண்ணீர் வராது என்று நான் எழுதினால் அது வராது, ஒருவராவது தப்பாகப் புரிந்துகொண்டு வாளியோடு நின்றார் என்று சரித்திரம் கிடையாது. அந்தச் சனிக்கிழமைக்கு நூலகர் வைத்திருந்த நிகழ்ச்சி, வீட்டில் படித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து வேறு புத்தகமாக மாற்றிக்கொண்டு போவது. நான் இப்படி எழுதினேன்: 'நூல் பரிமாற்றம். பழைய நூல், பிரிந்த நூல், நிறம் மங்கிய நூல் எதுவாயினும் கொண்டு வரலாம். தடித்த நூல், மெல்லிய நூல் என்ற பேதம் இல்லை. ஒருவருக்கு ஐந்து நூல் வரை அனுமதி. சனி காலை பத்து மணி, மாடி அரங்கம், தபால் நிலையம் எதிரில்.' அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, ஏங்க, புத்தகம்னே போடுங்களேன் என்றாள். நூலகத்துக்குப் பெயரே நூலகம்தானே, அங்கே நூல் என்று எழுதாமல் வேறு எங்கே எழுதுவது என்று நான் கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனால் ஏதோ இருக்கிறது என்று நாற்பது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

இதிலே நகல் கடைக்காரரின் பங்கும் உண்டு, பழியை முழுக்க நானே தூக்கிக்கொள்ள மாட்டேன். ஒரு தாளில் இரண்டு வரும்படி செய்கிறேன் என்று சொல்லி மேலே கிளை நூலகம் என்று இருந்த தலைப்பையும் கீழே இருந்த மற்ற நிகழ்ச்சிகளையும் வெட்டிவிட்டார். எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் பாட்டுக்குக் கூட்டம் அதிகமாகப் போகும் இடங்களாகப் பார்த்து ஒட்டினேன். தையல்காரர் கடை வாசலில் ஒன்று, பொத்தானும் நூல்கண்டும் விற்கிற கடையில் ஒன்று, மெத்தை தைக்கிற இடத்தில் ஒன்று, பல் மருத்துவர் படிக்கட்டில் ஒன்று. இப்போது நினைத்தால் எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போனபோது மாடிப்படி தொடங்கி தபால் நிலையம் வரை நூல் பிடித்தாற்போல் வரிசை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு நாளும் இல்லாத திருநாளாக நூலகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம்தான் வரிசையில் முதலாவதாக நின்ற தையல்காரரின் கையைப் பார்த்தேன். பை நிறைய நூல்கண்டு. அடுத்தவர் மெத்தைக்காரர், அவரிடம் சணல். அவருக்குப் பின்னால் கம்பளி நூல் உருண்டைகளோடு பதினோரு பெண்கள், எல்லோரும் ஒரே பின்னல் வகுப்பாம். பல் மருத்துவர் பல்லிடுக்கில் விட்டு இழுக்கிற நூல் ஒரு டப்பா கொடுத்து அனுப்பியிருந்தார். உண்மையான புத்தகத்தோடு வந்தவர்கள் ஏழே பேர். அதில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவரிடம் கம்பளிக்காரப் பெண் ஒருவர் உங்க நூல் எத்தனை கஜம் என்று கேட்க, அவர் நானூறு பக்கம் என்று சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் பைத்தியம் என்று தீர்மானித்துத் தள்ளி நின்றுகொண்டார்கள். தச்சர் ஒருவர் அளவு நாடாவோடு வந்திருந்தார். அவர்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள் இல்லையா? ஒருவருக்கு அஞ்சு நூல்னு போட்டிருக்கீங்க, அரை அங்குலத்துக்குச் சொச்சம், அதுல என்ன செய்ய முடியும்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன் என்றார்.

நான் பின்பக்கப் படி வழியாக நழுவப் பார்த்தேன். அங்கே அம்மா நின்றாள். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வாங்க, போய்ச் சொல்லிடலாம் என்று என் முழங்கையைப் பிடித்து நூலகரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நான் விஷயத்தைச் சொன்னேன். நூலகர் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி எந்த நிமிஷமும் வரலாம், கூட்டத்தை அனுப்பிவிட்டால் அரங்கம் காலி, வைத்துக்கொண்டால் என்ன நிகழ்ச்சி என்று சொல்வது. அவர் சுற்றும் முற்றும் பார்த்தார், சுவரோரம் இருந்த அலமாரியைப் பார்த்தார், எழுந்துபோய் அதைத் திறந்தார். உள்ளே முழுக்கக் கட்டு விட்டுப்போன புத்தகங்கள், பக்கங்கள் கற்றை கற்றையாகத் தொங்கிக்கொண்டு, தைத்துத் தர ஆள் இல்லாமல் வருஷக்கணக்காகக் கிடந்தவை. அப்புறம் அவர் திரும்பி நின்று, எல்லாரும் ஒரு நிமிஷம் இங்க கவனிங்க என்று சொன்னார். அம்மாடி, அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, கீழே சாலையில் போன சைக்கிள்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். நடந்த தவறைச் சொன்னார், இந்த அரங்கத்தைப் பூட்டப் போவதையும் சொன்னார், வந்தவங்க வந்துட்டீங்க, நூலும் இருக்கு, ஊசியும் இருக்கு, இதைத் தைச்சுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். தையல்காரர் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, ஓரத்து ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, தைக்கணும், அவ்வளவுதானே என்றார்.

அதற்கப்புறம் அம்மாவின் ராஜ்யம். பருத்தி நூல் ஒரு மேசை, சணல் ஒரு மேசை, கம்பளி ஜன்னலோரம் என்று பிரித்துவிட்டாள். நிகழ்ச்சிக்குப் பெயர் பரிமாற்றம் என்பதால், கொண்டுவந்த நூலைக் கொடுத்தால் வேறு நூல் தரப்படும் என்பதிலும் கறாராக இருந்தாள். புத்தகம் தைக்க எல்லாவற்றையும்விடப் பல் மருத்துவரின் நூல்தான் உறுதி என்று தையல்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். கம்பளி தைக்க உதவாது, ஆகவே அந்தப் பெண்கள் பக்க அடையாளக் கயிறு பின்னினார்கள். தச்சர் எல்லாப் புத்தகத்துக்கும் ஓட்டைக்கு ஓட்டை இரண்டு நூல் இடைவெளி என்று அளந்து குறித்துக் கொடுத்தார். நானும் என்னாலானதைத் தைத்தேன், அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு நடுவில் ஒரு கம்பளி உருண்டை படியில் உருண்டு கீழே போயிருக்கிறது. மேலே ஏறி வந்துகொண்டிருந்த ஒருவர், உயரமானவர், நல்ல மனிதர் போலிருக்கிறது, அதை எடுத்துச் சுற்றிக்கொண்டே வந்து உருண்டையும் கையுமாகக் கதவருகில் நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தையல்காரர், நீங்க கம்பளியா, கம்பளி அந்தப் பக்கம் என்று வரிசையைக் காட்டிவிட்டார். அவரும் போய் நின்றார். பத்து நிமிஷம் நின்று மேசைக்கு வந்ததும் அம்மா உருண்டையை வாங்கிக்கொண்டு நீல நூல்கண்டு ஒன்றைக் கொடுத்து, ஊசி ஒன்றையும் முயல் படம் போட்ட குழந்தைப் புத்தகம் ஒன்றையும் கையில் திணித்து உட்காரவைத்தாள். முக்கால் மணி நேரம் அவர் தலை நிமிராமல் தைத்தார். முடித்துப் பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என்னிடம், நான் தலைமை அலுவலகத்திலேருந்து வர்றேன், இங்க யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்.

நூலகரும் அம்மாவும் அங்கேயே நின்று என்னைப் பார்த்தார்கள். ஏதாவது கதை கட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது, கட்டவில்லை. எழுந்து நின்று, ஐயா, அறிவிப்பு எழுதினது நான், தப்பு என்னோடது, இவங்க பேர்ல ஒண்ணும் இல்ல, இங்கே புதன்கிழமை வந்து பாருங்க, அப்போ வர்ற கூட்டம் தப்பா வந்த கூட்டம் இல்ல என்று சொன்னேன். புதன்கிழமை வாசிப்பைப் பற்றியும் சொன்னேன், யார் வாசிக்கிறார்கள் என்று அம்மாவைக் காட்டினேன். அவர் என் அறிவிப்பை வாங்கி இரண்டு தரம் படித்தார். அப்புறம் கோப்பைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தார். வந்தவர்கள் என்ற இடத்தில் அறுபத்து மூன்று என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார், "எத்தனை நூல் கைமாறிச்சுன்னு கேக்க ஒரு கட்டம் இருக்கு. எந்த நூல்னு கேக்கக் கட்டம் இல்ல." சொல்லிவிட்டு, அம்மா வைத்திருந்த கணக்கைக் கேட்டு நூற்று நாற்பத்தாறு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நீலக் கண்டைத் திருப்பித் தர வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டார். மாற்றிக்கொண்டது உங்களுடையதுதான் என்றாள் அவள். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

நேற்று பதில் வந்தது. அரங்கம் அரங்கமாகவே இருக்கும், அலமாரிகள் வேறு எங்கோ போகின்றன. கூடவே, இதே நிகழ்ச்சியை மற்ற நாலு கிளைகளிலும் நடத்த வேண்டும், அறிவிப்பின் மாதிரியை உடனே அனுப்பவும் என்று ஒரு வரி. அதாவது என் அறிவிப்பு, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல். அம்மா இதைப் படித்துவிட்டுப் போய்க் கட்டிலில் படுத்துச் சிரித்தாள்.

அடுத்த மாத நிகழ்ச்சிகளும் முடிவாகிவிட்டன. முதல் சனி மறுபடியும் புத்தகம் தைப்பது, தையல்காரர் நடத்துகிறார். இரண்டாவது ஞாயிறு சதுரங்கம், மூன்றாவது ஞாயிறு குழந்தைகளுக்குக் கதை சொல்வது, அது அம்மா. கடைசி வெள்ளி மௌன வாசிப்பு, ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் படிக்க வேண்டும், அதற்கு அம்மா வர மாட்டாளாம். இந்த முறை நான் எழுதியதை அவள் பார்த்துத்தான் வெளியே விடுகிறாள். பயிற்சிப் பட்டறை என்று எழுதியிருந்தேன், இரும்பு அடிக்கிறவர்கள் சம்மட்டியோடு வருவார்கள் என்று அடித்துவிட்டாள். ஆண்டு மலர் வெளியீடு என்பதையும் அடித்துவிட்டாள், பூக்காரர்கள் எல்லாம் கூடையோடு வந்து நிற்பார்களாம். மிச்சமிருப்பது இடமும் நேரமும்தான்.

நீ கணினிமுன் கூன் போட்டு உட்காராதே, மணிக்கொரு தரம் எழுந்து நட. குளிருக்குக் காதை மூடிக்கொள். மாப்பிள்ளை பல்வலியைத் தள்ளிப்போடாமல் காட்டட்டும். உன் வீட்டுப் பக்கம் நூலகம் இருந்தால் போய்ச் சேர்ந்துகொள், தனியாக இருக்கிற ஊரில் கால் வைக்க ஒரு இடம் வேண்டும். புதன்கிழமை அம்மாவைக் கூப்பிடாதே, அன்றைக்கு அவளுக்குத் தொண்டை இருக்காது, வியாழக்கிழமை மறக்காமல் கூப்பிடு, இல்லாவிட்டால் ஜன்னலைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். இருவரும் நிறைந்த ஆயுளோடும் ஒருவரையொருவர் கேலி செய்யும் ஒற்றுமையோடும் நன்றாக இருங்கள்.

உன் நலமே நினைப்பாக இருக்கும்
அப்பா

கண்ணு, அம்மா எழுதறேன். ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்தேன், எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கார், தைச்சதைப் பத்தி மட்டும் எழுதல. ஒரு மணி நேரம் குனிஞ்சு ஒரே புத்தகத்தைத் தைச்சாரு. எழுந்து நின்னா புத்தகமும் கூடவே எழுந்துது. சட்டை முன்பக்கத்தோட சேர்த்துத் தைச்சிருக்கார், அதுவும் பல் டாக்டர் நூலால, கத்திரிக்கோலுக்கே அசையல. அப்படியே நெஞ்சுல தொங்க விட்டுக்கிட்டு வீதியில நடந்து வந்தாரு. நம்ம நூலகர் விதிப்படி முத்திரை குத்திப் பதினாலு நாள் தவணை குடுத்தாங்க, இன்னிக்குப் பன்னிரண்டாவது நாள். சட்டை ஆணியில தொங்குது. பிரிக்காதே, படிச்சு முடிச்சுக்கறேன்னு ஆணிக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து படிக்கிறார். புத்தகம் வீட்டு மாடியில முயல் வளர்க்கறது எப்படிங்கறது. காலையில மாடிக்குப் போய் எதையோ அளந்துட்டு வந்தாரு, நீ போன்ல கொஞ்சம் என்னன்னு கேளு.