சபாத் வந்துட்டா

எறையூர்
12.6.2022

அன்புள்ள மாமாவுக்கு,

மணிமொழி எழுதுவது. பிள்ளைகளும் அத்தையும் நலம். என் நலத்தை நீங்கள் கேட்பதில்லை, விடுங்கள். போனில் கேட்டால் மழுப்புவீர்கள் என்றுதான் எழுதிக் கேட்கிறேன். போன வெள்ளிக்கிழமை பேச்சின் நடுவே, "சபாத் வந்துட்டா, போனை வச்சிடுறேன்" என்றீர்கள். சனிக்கிழமை இரவு வரை போன் அணைந்தே கிடந்தது. கிழவரைப் பார்த்துக்கொள்ளத்தானே இஸ்ரேலுக்குப் போனீர்கள்? யார் அந்த சபாத்?

மணிமொழி

ஹைஃபா
3.7.2022

அன்பு மணிக்கு,

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. சபாத் பெண்ணில்லை, நாள்! வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் தொடங்கும் யூதர்களின் ஓய்வு நாள். 'வந்துவிட்டால்' என்பதைத்தான் அப்படிச் சொன்னேன், நீ 'வந்துவிட்டாள்' என்று எடுத்துக்கொண்டாய். ஆனால் அந்த நாளை மணப்பெண் என்று பாடித்தான் வரவேற்கிறார்கள், அதையும் மறைக்கவில்லை.

இவர்களுக்குக் கடவுள் ஒருவரே. சிலையோ படமோ கிடையாது. அந்தக் கடவுள் ஆபிரகாம் என்பவரைப் பிறந்த ஊரைவிட்டுப் புறப்படச் சொல்லி, அவர் வம்சத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டாராம். பிறகு அந்த வம்சம் எகிப்தில் அடிமைப்பட்டுச் செங்கல் அறுத்தது. மோசே என்பவர் மீட்டு வந்தபின் கடவுள் சட்டம் கொடுத்தார். ஏழாம் நாள் வேலைக்காரனுக்கும் ஓய்வு, மாட்டுக்கும் ஓய்வு, வீட்டில் தங்கிய வேற்றூரானுக்கும் ஓய்வு. பண்ணையில் உழைத்த நம் தாத்தன்களுக்கு அதை யார் கொடுத்தார்கள், சொல்.

உன் அறிவரசன்

எறையூர்
24.7.2022

மாமா,

பெண்ணில்லை என்றதும் மனம் குளிர்ந்தது. மறுநாளே மறுபடி கொதித்தது. யாரையும் தங்கள் மதத்துக்கு இழுக்கமாட்டார்கள் என்று முன்பு நீங்களேதான் சொன்னீர்கள். சபாத்தன்று அடுப்பு மூட்டாதே, போன் தொடாதே என்பதெல்லாம் கிழவருக்குத்தானே? உங்களுக்கும் ஓய்வு என்றால், அன்றைக்கல்லவா சாவகாசமாகப் பேசவேண்டும்? அணைக்கச் சொன்னது யார்?

மணிமொழி

ஹைஃபா
14.8.2022

அன்பு மணி,

யாரும் சொல்லவில்லை. நானேதான் அணைக்கிறேன்.

"எங்க இருக்கீங்க? கூட யாரு? கேமராவைத் திருப்புங்க" என்று தினமும் கேட்கிறாய். தினமும் திருப்பிக் காட்டுகிறேன். ஒரு நாள், யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். பிடித்துவிட்டது. வேறொன்றுமில்லை, சத்தியம். கோபித்துக்கொள்ளாதே.

அறிவரசன்

எறையூர்
4.9.2022

மாமா,

கோபமில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். வேலைக்காரன் இருக்கிறான், மாடு இருக்கிறது, வேற்றூரான்கூட இருக்கிறான். பெண்டாட்டியைக் காணோம். கரும்புக்கொல்லை, அத்தைக்கு மருந்து, பிள்ளைகள் என்று எனக்கு எட்டாம் நாளும் இருந்தால் அன்றைக்கும் வேலைதான்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனும் அணைந்திருக்கும். கூட யாரு என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் இருந்து பாருங்கள்.

மணிமொழி