நகம் மாட்டுகிற கீறல்

அக்கா,

இன்று மதியம் உன் வண்டியின் டிக்கியைத் திறந்தேன். வண்டியைப் பார்க்க வந்த புரோக்கர் ஜாக்கி இருக்கிறதா என்று கேட்டார். ஜாக்கியின் மேல் என் பாப்பாவின் விளையாட்டுப் பாய் சுருட்டிக் கிடந்தது, மஞ்சள் வாத்துப் படம் போட்ட பழைய பாய். எடுத்துப் பிரித்ததும் காய்ந்த ஏரி மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கூடவே பாசியும் செத்த மீனும் சேர்ந்த அந்த வாடை. இத்தனை நாள் கவர் போட்டு மூடி வைத்திருந்தும் போகவில்லை.

புரோக்கர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னா மேடம், வண்டில மீன் கீன் ஏத்துனீங்களா?"

இல்லை என்றேன். அவர் இடது பக்கமாகச் சுற்றி வந்தார். முன் கதவிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஓடும் கீறலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ரெண்டு டோரும் போச்சே. லாரிக்காரன் அணைச்சிட்டானா?"

"இல்லைங்க. நாங்களா உரசுனது."

அவர் வண்டியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் கை தானாகக் கதவுக்குப் போனது. உள்ளங்கையை வைத்துத் தடவி, பிறகு ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்தேன். நகம் மாட்டியது. நம் கார் கம்பெனி லைனில் அதுதானே அளவு. நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல்பூச்சோடு நின்ற கீறல், பாலிஷ் போட்டால் போய்விடும். நகம் மாட்டினால் பாலிஷ் ஒன்றும் செய்யாது, வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். வேலையை விட்டும் இந்தக் கைக்கு அது மறக்கவில்லை.

நான் பி.எஸ்சி. முடித்துவிட்டு வாலாஜாபாத்திலிருந்து வந்து பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தபோது நீ அங்கே பழைய ஆள். இருங்காட்டுக்கோட்டையில் உன் அறையில் ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்தாய். உள்ளே போகும்போது வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், வண்டியில் பட்டால் கீறும். பவுடர் பூசக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, ஒரு பொட்டு பட்டாலும் பெயிண்ட்டில் குழி விழும். "கோவில்பட்டிக்குப் போனா எங்கம்மா கேக்கா, அங்க எண்ணெய்க்குக்கூட வழியில்லையாட்டி உனக்குன்னு" என்று நீ சொல்லிச் சிரிப்பாய். வெள்ளை வெளிச்சத்தில் நின்றபடி, நம்மால் வாங்க முடியாத வண்டிகளின் உடம்பை ஷிஃப்ட் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தோம்.

பிறகு நீ சூப்பர்வைசர் ஆனாய். நான் அண்ணன் என்று கூப்பிட்டவரைக் கல்யாணம் செய்துகொண்டாய். இரண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்து இந்த ஃபோர் வீல் டிரைவை வாங்கினாய். அதுவும் நம் கம்பெனி வண்டி இல்லை, வேறு கம்பெனியுடையது. கேன்டீனில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. அந்தக் காசுக்கு ஒரகடத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே என்றார்கள். வாங்கினதுகூடப் பரவாயில்லை, அதை ஏரியில் இறக்குகிறாள் என்பதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"எதுக்குக்கா இந்த வேலை? கீழ ஒரு கல்லு குத்துனா போச்சு" என்று கேட்டேன்.

"இது ஏரியில இறங்கத்தான செஞ்சிருக்கான். நாம பாத்துப் பாத்து அனுப்புன வண்டியெல்லாம் டோல்கேட்டுல நின்னு நின்னே பழசாகுது. இது ஒண்ணாவது ஓடிப் பழசாகட்டும்" என்றாய்.

எனக்கு அதில்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். பாப்பா பிறந்த பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். சாயங்காலம் குழந்தையை டியூப்லைட்டுக்கு அடியில் நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பேன். ஒரு கொசுக்கடி இருந்தாலும் எங்கே, எப்போது என்று யோசித்து உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் நீ அதைப் பார்த்துவிட்டாய். "என்ன புள்ள, பிள்ளைய பேனல் மாதிரி தடவுத? எதுவும் ரிஜெக்ட் பண்ணிராத." வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காற்றாட ஏரிக்கரை வரைக்கும்தான் என்று நீ கூப்பிட்டபோது, பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்தேன். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது.

நல்ல கோடை. ஏரி வற்றி, மேல்மண் ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. கரையோடு நிற்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே இறக்கினாய். நான் பின்சீட்டில் பாப்பாவின் சீட்டைப் பிடித்தபடி, வேணாங்க்கா, வேணாங்க்கா என்றுகொண்டே வந்தேன். மதகுக்குப் பக்கத்தில் திரும்பும்போது ஒரு சீமைக்கருவேலம் முள் முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் கேட்டது.

அப்புறம் நாம் செய்த காரியத்தை வேறு எவரும் செய்திருக்க மாட்டார்கள். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். நீ ஃபெண்டரில் கையை வைத்தாய், நான் வெளிச்சம் விழும் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"நகம் மாட்டுதா?"

"இல்லக்கா, போவுது. இங்கதான் கொஞ்சம்."

"அது தழைச் சாறு. துடைச்சாப் போயிரும்."

லைனில் நிற்பது போலவே நின்றோம். கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர்தான் கத்தினார். "யம்மோவ், மேல இன்னாத்த தடவிகினு கீறீங்க? கீழ பாருங்க, வண்டி உள்ள போய்கினு கீது."

குனிந்து பார்த்தோம். காய்ந்த ஓட்டுக்கு அடியில் மதகடிச் சேறு ஈரமாகவே இருந்திருக்கிறது. வலது பக்கச் சக்கரங்கள் பாதிக்குமேல் இறங்கிவிட்டிருந்தன. மேற்கே வானம் கறுத்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தோம்.

டிராக்டரைக் கூப்பிடாமல் நகராது என்று சொல்லிவிட்டு அவர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணனும் பாப்பாவின் அப்பாவும் ஷிஃப்ட்டில். உள்ளே போன் கொண்டுபோக முடியாது, கூப்பிட்டும் பயனில்லை. முதல் இடி இடித்ததும் பாப்பா அழ ஆரம்பித்தாள். மழை பெய்தால் ஏரிக்கால் தண்ணீர் முதலில் வந்து சேர்வது அந்தப் பள்ளத்துக்குத்தான். வண்டியை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால், கரைவரை வெட்டவெளி. மின்னல் வேறு.

சேற்றில் பிடிமானம் கிடைக்க நீ டயர்களில் பாதிக் காற்றை இறக்கினாய். பின்னால் போனால் சேறு இன்னும் ஆழம். முன்னால் மதகின் கருங்கல் சுவரை ஒட்டி மட்டும் சரளை கொட்டிக் கெட்டியாக இருந்தது. இடது சக்கரங்கள் அதில் ஏறிப் பிடித்தால் வெளியே வந்துவிடலாம்.

"நீ ஓட்டு" என்றாய்.

"நானா? நான் தொட்டே ஒண்ணரை வருஷம் ஆவுதுக்கா."

"நீ இறங்கி நின்னா பிள்ளை கத்திக்கிட்டே கெடக்கும். நான் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கணும். ஏறு."

வண்டியின் கால்மிதிகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டும் போதவில்லை. பாப்பாவின் வாத்துப் பாயை உருவிக்கொண்டு போய் வலது சக்கரத்துக்கு முன்னால் திணித்தாய். நான் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் லோ கியரில் போட்டு மெதுவாக மிதித்தேன். வண்டி ஏறியது. சுவர் கிட்டே வந்ததும் என் கை வலப்பக்கம் ஒடித்தது. வண்டி திரும்பவும் சேற்றுக்குள் சரிந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் அதேதான். ஒடிக்கக் கூடாது என்று தெரிந்தே ஒடித்தேன். இத்தனை வருடமாக வண்டியில் மோதிரம்கூடப் படக்கூடாது என்று பழகின கை, சுவரைக் கண்டால் வேறு என்ன செய்யும்?

நீ சேறும் சகதியுமாக என் ஜன்னல் பக்கம் வந்தாய். கோபமாகக்கூட இல்லை.

"ஏ புள்ள, சுவத்தப் பாக்காத. உரசட்டும்."

"கதவு போயிடும்க்கா."

"தெரியும், எனக்குத்தான் டியூ வருது. கதவு போனா கதவு மாத்திக்கிடலாம். நேரா புடிச்சுட்டு போ. சத்தம் வந்தா மிதிச்சத எடுத்துராத, அவ்வளவுதான்."

சத்தம் வந்தது. கருங்கல்லில் தகரம் உரசுகிற சத்தம், பல்லெல்லாம் கூசியது. நான் காலை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அந்தச் சத்தத்தில் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இடது சக்கரங்கள் சரளையைப் பிடித்தன. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேட்டில் ஏறி நின்றது.

நீ பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். மழை பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்ததும் பாயைச் சுருட்டி டிக்கிப் பக்கம் வீசிவிட்டு, முதலில் பாப்பாவைத் திரும்பிப் பார்த்தாய், பிறகு என்னை. கதவைப் பார்க்க இறங்கவே இல்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாய். "நாளைக்கு லைன்ல எவளாவது கேட்டா, சூப்பர்வைசர் ஓகே பண்ணிட்டான்னு சொல்லு." நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை.

கதவை நீ மாற்றவே இல்லை.

ஏரியில் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் பயந்த நாட்கள் எத்தனையோ. உனக்கு ஆனது ஏரியில் இல்லை. அடுத்த ஆடியில், உன் வீட்டு அடுக்களையில், சமமான டைல்ஸ் தரையில், சோற்றை வடித்துக்கொண்டிருந்தபோது விழுந்தாய். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது என்றார்கள். முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை என்றார்கள். வழி இருந்திருக்குமா என்று நான் நெடுநாள் யோசித்தேன். தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்றுகூட யோசித்தேன், அக்கா. அப்படித்தான் இருந்தது என் புத்தி.

அண்ணன் ஊரோடு போவதென்று முடிவு செய்து சாவியை என்னிடம் கொடுத்தார். "அவ வண்டிய நான் ரோட்டுல ஓட்டவே பயப்படுவேன்மா. நீ ஓட்டுறதா இருந்தா வச்சுக்க. இல்லன்னா வித்துரு, ஆனா நிறுத்திப் போட்டு வைக்காத." நிறுத்தித்தான் போட்டு வைத்தேன். கவர் போட்டு, நான்கு மூலையும் கட்டி. பாப்பாவின் அப்பா மட்டும் பேட்டரி செத்துவிடும் என்று வாராவாரம் ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்குவார். பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படி ஓட்டுவது என்பதுதான் என் பதில். கடைசியில் நான்தான் புரோக்கரை வரச் சொன்னேன்.

அவர் இரண்டு கதவையும் மாற்றி, முழு உடம்புக்கும் பெயிண்ட் அடித்தால் விலை போகும் என்றார். "ஏரில கீரில வுடாத வண்டினு சொல்லித்தான் விக்கணும் மேடம்."

"அப்படிச் சொல்ல வேணாம்" என்றேன்.

"அப்ப எப்படி விக்கறது?"

"விக்கலைங்க."

டீத்தண்ணிக்குக்கூட வழியில்லாத அலைச்சல் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். பாப்பா தூங்கி எழுந்திருந்தாள். சீட்டை மாட்டி அவளை உட்கார வைத்து, வாலாஜாபாத் ரோட்டில் எடுத்தேன். ஏரியில் இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, இறங்க முடியாது. கரைமேல் மண்பாதையில் ஏற்றினேன். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் கருவேலங்காடு. 

பாதி தூரத்தில் ஒரு கிளை நீண்டிருந்தது. நான் நெருங்கி வந்த பிறகுதான் பார்த்தேன். முள் பின்கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. என் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எழும்பியது, கை கதவுக் கைப்பிடிக்குப் போனது.

"என்னம்மா சத்தம்?" என்றாள் பாப்பா.

"முள்ளு. உரசுது."

"வலிக்குமா?"

"வண்டிக்கா? வலிக்காது."

காலை வைத்து மிதித்தேன். கரை முடிந்து சரிவில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. குலுங்கும்போதெல்லாம் அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, தூங்க வைத்த பிறகுதான் கீழே போய்ப் பார்த்தேன், அக்கா. நகம் மாட்டியது. பாயை உதறிச் சுருட்டி டிக்கியிலேயே வைத்தேன். கவர் போடாமல் மேலே வந்துவிட்டேன்.