துண்டு விரிக்காத சாவு

இன்று காலை வேனுக்காக நான் நிற்கும் முனையில் ஒரு துண்டு விரித்திருந்தார்கள். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் உடைந்த செங்கல். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மாலை போட்ட போட்டோ. பின்தெரு ஆளாம், பெயிண்டராம், எனக்குப் பழக்கமில்லை. சுடுகாட்டுச் செலவுக்காகப் பத்தும் இருபதுமாக விழுந்துகொண்டிருந்தது. நானும் பர்சைத் திறந்தேன். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தும் கால் நகரவில்லை. பிறகு ஏறி, நீ உட்காரும் ஜன்னலோர இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். நீ செத்துப்போன பதினோரு மாதமாக அங்கே யாரையும் உட்கார விடுவதில்லை. நம் கம்பெனி ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நம் சந்தில் யார் செத்தாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் கிளம்புகிறவள் நீதானே. பெங்களூர் ஜீவனஹள்ளி மெயின் ரோட்டில் ஒரு கடை விட மாட்டாய். சாவு வீட்டு வாசலில் ஒரு துண்டு விரித்திருக்கும், உன் கையில் ஒரு சில்வர் தட்டு இருக்கும், பின்னாலேயே நான். ஹார்டுவேர் கடை சேட்டு பத்து ரூபாய் நீட்டினால் வாங்கவே மாட்டாய். "பத்தா? இருபது வருசமா உன் கடை மூட்டைய தூக்கித்தான் அவன் முதுகு போச்சு. எடு சேட்டு, நூறா எடு." அவரும் சிரித்துக்கொண்டே எடுப்பார். எனக்கு மானம் போகும். "கேக்கறது நமக்கா? செத்தவங்களுக்குடி, அவங்களால கேக்க முடியாதில்ல," என்பாய்.

அப்படிப்பட்டவள், நம் சந்து சேகர் அண்ணன் மனைவி செத்துப்போன மறுநாள், எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் வேன் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று என் கையைப் பிடித்தாய்.

"நேத்து சேகர் அண்ணன பாத்தியாடி? துண்டு பக்கத்துல குந்திக்கினு தலைய நிமிரவே இல்ல. யாரு போடறா, எவ்ளோ போடறான்னு பாக்கக்கூட முடியல மனுசனுக்கு. அவ்ளோ வெக்கம்."

"அதுக்கு இன்னா இப்போ?"

"எனக்குத் துண்டு விரிச்சீங்கன்னா எழுந்து வந்து அறைவேன். மொதல்ல உன்னத்தான்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாய். வேனில் இருந்த ஏழு பேரும் பார்த்தார்கள். உன் வயிற்றுவலி அப்போதே தொடங்கியிருந்தது. யாராவது கேட்டால் "கேஸ்" என்று மெடிக்கல் ஷாப் மாத்திரையைப் போட்டுக்கொள்வாய்.

நீ போன காலையில் ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நானும் உன் தம்பியும் நின்றோம். கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தான். எல்லையில், அத்திபெலேயில் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் மாட்டி, மீதி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தானாம். கொத்து வேலைக்காரன், விரல் இடுக்கில் சிமெண்டு அப்படியே இருந்தது. அவன் கையெழுத்துப் போட்டு வெளியே வந்த நிமிடமே வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் எங்களிடம் வந்துவிட்டான். எப்படித்தான் தெரியுமோ அவர்களுக்கு.

"கவலையே படாதீங்கக்கா. வண்டி, ஐஸ் பாக்ஸ், பூப்பல்லக்கு, அய்யரு, மேளம், சுடுகாடு, எல்லாம் சேத்து நாப்பதாயிரம். நீங்க அழுவுறது மட்டும்தான் பாக்கி, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"சரிங்க சார்," என்றான் உன் தம்பி.

நானும் தலையாட்டினேன். சாவில் பேரம் பேசக் கூடாது என்பது நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்போம், பாடைக்கு மட்டும் கேட்ட விலையைக் கொடுப்போம். குறைத்துக் கேட்டால் செத்தவரைக் குறைத்த மாதிரியாம். இதை முதலில் சொல்லிவைத்தவன் யாராக இருக்கும் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த வெள்ளைச் சட்டைக்காரனுடைய பாட்டனாகத்தான் இருப்பான்!

உன் தம்பி சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். உள்ளே அவன் மனைவியின் கம்மல். "அக்கா, இங்க பக்கத்துல அடகுக் கட எங்க இருக்கு?" என்று கேட்டான். அப்புறமும் நான் சும்மா நின்றிருந்தால் நீ எழுந்து வந்துதான் அறைந்திருப்பாய்.

"இருடா," என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கு வெளியே வந்தேன். யாரைக் கேட்பது, எங்கே கேட்பது, ஒன்றும் புரியவில்லை. எதிரே கார்ப்பரேஷன் குப்பை ஆட்டோ நின்றிருந்தது. அதன் பின்பக்கம் புகார் நம்பர் எழுதியிருந்தது. அதற்கே போட்டேன். சாவுக்குக் குப்பை வண்டி நம்பரையா கூப்பிடுவது என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் போட்டேன்.

"ஹேளம்மா, ஏனாய்து?" சொல்லும்மா, என்ன ஆச்சு என்றது ஒரு பெண் குரல்.

என் ஓட்டைக் கன்னடத்தில் சொன்னேன். அழுகை வந்து பாதி தமிழாகிவிட்டது. அவள் பொறுமையாகக் கேட்டு, வார்டு ஆபீஸுக்கு லைன் மாற்றிக் கொடுத்தாள். அங்கே எடுத்தவளும் ஒரு பெண். அவளுக்குத் தமிழ் வந்தது. கார்ப்பரேஷன் சவ வண்டி இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம் என்றாள். கரெண்ட் சுடுகாட்டுக் கட்டணத்தைச் சொன்னாள். எனக்கு நம்பிக்கையில்லாமல் மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். வெள்ளைச் சட்டைக்காரனுடைய பூப்பல்லக்குக்கே அதைவிட அதிகம் ஆகும். டாக்டர் கொடுத்த சர்டிபிகேட், உன் ஆதார், கூட வருகிற சொந்தக்காரர் ஆதார் மூன்றும் இருந்தால் போதுமாம்.

"மூணு மணிக்கு ஒரு ஸ்லாட் இருக்கும்மா. லேட் பண்ணீங்கன்னா நாளைக்குத்தான். சொல்லுங்க, போடட்டா?"

மணி பன்னிரண்டு. நாளை என்றால் இன்னும் ஒரு நாள் ஐஸ் பாக்ஸ். ஐஸ் பாக்ஸ் என்றால் அந்த வெள்ளைச் சட்டை. "போடுங்கம்மா," என்றேன்.

திரும்பி வந்து வேண்டாம் என்று சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது. "பொணத்த உள்ள வெச்சிக்கினு பேரம் பேசற பொம்பளய இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். உன் தம்பி கூனிக் குறுகிப்போனான். எனக்குள்ளே என்ன புகுந்ததோ. "ஆமாய்யா, பேசறேன்! உள்ள படுத்திருக்கறவ எழுந்து வந்தான்னா உன்கிட்ட இன்னும் நல்லா பேசுவா, கூப்பிடட்டா?" என்றேன். அவன் பின்வாங்கினான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ எழுந்து வரமாட்டாய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வண்டி வர ஒன்றேகால். சந்துக்குள் நுழைய இரண்டு மணி தாண்டிவிட்டது. உன்னை வீட்டு வாசலில் அரை மணி நேரமாவது கிடத்தாமல் நேரே கொண்டுபோனால் அனாதைப் பிணம் என்பார்களே, அதனால்தான் வந்தோம். வந்து பார்த்தால் மேளம் தயார். கம்பெனி ஐடி கார்டில் இருக்கும் உன் போட்டோவைப் பெரிதாக்கி நாற்காலியில் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் துண்டு, துண்டு நிறைய நோட்டு. பக்கத்தில் சேகர் அண்ணன்.

உன்னை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் ஓடிப்போய்ச் செங்கல்லைத் தள்ளித் துண்டைச் சுருட்டினேன். மேளம் நின்றுவிட்டது. மொத்தச் சந்தும் என்னைப் பார்த்தது.

"இன்னாமா பண்ற நீ?" என்றார் சேகர் அண்ணன்.

"அவளுக்குத் துண்டு விரிக்கக் கூடாதுண்ணா. சத்தியம் வாங்கினா. அவங்கவங்க காச அவங்கவங்க எடுத்துக்குங்க."

"சாவுக்குப் போட்ட காசு திரும்ப வூட்டுக்குள்ள போவுமா? எவன் எடுப்பான்? உனக்குப் பைத்தியமா?"

யாரும் ஓர் அடி முன்னால் வரவில்லை. அது எனக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். சாவுக்கு விழுந்த காசை எடுத்துப் போனால் கூடவே சாவும் வரும் என்பார்கள். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடுச்சந்தில் நின்றேன், போடவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல். வண்டி டிரைவர் வாட்சைக் காட்டிக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "ரெண்டேகால் ஆயிடுச்சு, அந்தப்பக்கம் ரயில்வே கேட் வேற!"

"ஏன் வேணாம்னா அவ?" என்றார் சேகர் அண்ணன். "எங்களுக்கெல்லாம் அவதான கேட்டா? அவளுக்கு நாங்க கேக்கக் கூடாதா?"

வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன். "உங்களப் பாத்துதான்ணா. அண்ணி சாவுல நீங்க தலைய நிமிரல. வெக்கத்துல குந்தியிருந்தீங்கன்னு சொன்னா."

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "வெக்கமா? நானா? இத்தன பேரு என் பொண்டாட்டிக்கு வராங்களேன்னு அழுகைய அடக்க முடியலமா. பசங்க பாத்துடப் போறாங்கன்னு தலைய குனிஞ்சிக்கினேன். அதயா வெக்கம்னா அவ? ஐயோ, கேட்டிருக்கலாமே என்னாண்ட!"

நீ தப்பாகப் பார்த்துவிட்டாய். தப்பாகப் பார்த்த ஒன்றுக்கு என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாய். ஆனால் சத்தியம் சத்தியம்தானே. நீ இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். செத்தவளோடு எப்படிச் சண்டை போட?

"அண்ணா, காசு வேணாம். தோள் குடுங்க," என்றேன். அவர் துண்டை என் கையிலிருந்து வாங்கி முடிச்சுப் போட்டார். "சந்துல அடுத்த சாவுக்கு ஆவட்டும்," என்று தம் மருமகளிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு உன் தலைப்பக்கம் வந்து நின்றார். மேளம் மறுபடி எழுந்தது. பெண்கள் உன்மேல் விழுந்து அழுதார்கள். பத்து நிமிடம்கூட விடவில்லை நான். "எடுங்க, எடுங்க" என்று ராட்சசி மாதிரி விரட்டினேன். அதற்காக இன்றும் சில பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ரயில்வே கேட் திறந்திருந்தது. மூன்றாக நான்கு நிமிடம் இருக்கும்போது உள்ளே போனோம். கவுண்டரில் ஆதாரைப் பார்த்து எழுதிக்கொண்டு கட்டணத்தைச் சொன்னார்கள். உன் தம்பி சட்டைப் பையில் பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்திலேயே கட்டிவிட்டான். ரசீதை வாங்கி, கம்மல் இருந்த காகிதத்தோடு சேர்த்து மடித்து வைத்தான். அதுவரை அடக்கியிருந்தவன் அப்போதுதான் வாய்விட்டு அழுதான். "எங்க அக்காவுக்கு நானே செஞ்சிட்டேன்க்கா, நானே செஞ்சிட்டேன்."

கரெண்ட் அடுப்பின் கதவு மேலே போனது, நீ உள்ளே போனாய். அவ்வளவுதான். நான் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஒரு கர்வம்கூட இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

அந்தக் கர்வம் ஒரு வாரம் தாங்கியது. உன் மரணச் சான்றிதழுக்காக உன் தம்பியோடு வார்டு ஆபீஸ் போனேன். போனில் பேசிய அதே பெண்தான் உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். நல்ல மாதிரி. நாற்காலி போடச் சொன்னாள்.

"இன்னா சீக்குமா?"

"வயித்துல கட்டி."

"எத்தன நாளா?"

"ஏழு மாசமா வலி. கடைசி நாலு நாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தா."

"ரேஷன் கார்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "அந்தக் கார்டுக்கே வைத்தியத்துக்குச் சர்க்கார் உதவி உண்டேம்மா. வண்டிக்குக் கேட்டீங்க, சுடுகாட்டுக்குக் கேட்டீங்க. இதுக்கு ஏன் கேக்கல?"

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உன் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

ஏழு மாதமும் எனக்குத் தெரியும். பாத்ரூமில் நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான்தான். தரை துடைக்கிற உன் மாப்பையும் சேர்த்து நான்தான் இழுத்தேன். "சூபர்வைசராண்ட சொல்லட்டா?" என்று கேட்டதற்கு, "சொன்னியின்னா அப்புறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன், எவன்கிட்டயும் எனக்காகக் கையேந்தாத," என்றாய். நீ என்னோடு பேசாமல் போய்விடுவாயோ என்ற பயத்தில் நானும் வாயை மூடிக்கொண்டேன். பாவி, நீயும் பாவி, நானும் பாவி. நீ செத்த பிறகு உன் சொல்லைக் காப்பாற்றியவள், நீ உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு தடவை அதை மீறியிருக்கக் கூடாதா? நீ பிழைத்திருப்பாய் என்றால் துண்டு என்ன, என் முந்தானையையே விரித்து எலெக்ட்ரானிக் சிட்டி கேட்டில் உட்கார்ந்திருப்பேனே.

மூன்று மாதத்துக்கு முன் நம் வேனில் வரும் சரளா அடிவயிற்றை அமுக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, கேஸ். யாராண்டயும் சொல்லாதீங்க," என்றாள். வேன் போகப்போகவே எல்லாரிடமும் சொன்னேன். சூபர்வைசரிடம் சொன்னேன், அவள் புருஷனுக்குப் போன் போட்டேன், கார்டைத் தேடி எடுத்து ஆஸ்பத்திரியில் நானே வரிசையில் நின்றேன். ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஊர் முழுக்கத் தன் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்மேல் கோபம். வேனில் எனக்கு முன் சீட்டில்தான் உட்காருகிறாள், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பேசாமலே இருக்கட்டும். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறாள், எனக்கு அது போதும்.