இழுக்கச் சொல்லும் மணி

மாரிகுப்பம், கோலார் தங்கவயல்,
நவம்பர் 1977

மதிப்பிற்குரிய இன்பராஜ் அவர்களுக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். நீங்கள் ஷிப்ட் ஃபோர்மனாக இருந்த நாளில் உங்களால் பதவி உயர்வை இழந்த பட்டதாரிகள் இங்கே பலர். அவர்களில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மச்சினனுக்கு அந்த நாற்காலி போனதைப் பற்றி எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம்.

ஓய்வுபெற்று மதராசில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி. உங்கள் ஊர் டெலிவிஷன் இப்போது இங்கேயும் தெரிகிறது. தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மண்மேட்டின் உச்சியில் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டி, வாசகசாலையில் பெட்டி வைத்திருக்கிறோம். பாதி நாள் படம் வராது. உப்பைக் கொட்டியதுபோலப் புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளையும் விடாமல் பார்ப்பவள் நாகம்மா ஒருத்தி. பத்து வருஷம் முன்பு ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்து, சுரங்கத்தின் லெவல் இடிந்த அன்று காணாமற்போன பெரியசாமியின் மனைவி. மேலே வந்தபின் எவளோடோ ஓடிவிட்டான் என்று நீங்கள் எழுதிவைத்தீர்களே, அந்தப் பெரியசாமி. "இன்னாக்கா, ஓடிப்போன மாமா பொட்டியில வந்துட்டாரா?" என்று இளவட்டங்கள் கேட்கும். அவள் திரும்பமாட்டாள்.

போன வெள்ளிக்கிழமை படம் அறுந்தது. இரைச்சலுக்குள் மணி அடித்தது. சுரங்கத்திலிருந்து ஆட்களோடு கேஜ் கூண்டை மேலே இழுக்கச் சொல்லும் அதே மணி. முன்பு கேஜ் எந்திரம் ஓட்டிய ரத்தினத்தின் கை, இல்லாத லீவரைத் தேடி நீண்டது. "கீழ ஆள் கீறான்பா" என்றார். யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். திரை இருண்டது. மணி நிற்கவில்லை.

"அவருதான். யாராச்சும் இழுங்களேன்" என்றாள் நாகம்மா.

அப்போதுதான் பெரியசாமியோடு கீழே வேலை செய்த சம்பங்கி தரையில் உட்கார்ந்து அழுதான். அடுத்த கேஜில் வரும் கூட்டாளியின் டோக்கனையும் வாங்கிவந்து, ஆள் மேலேறியதற்கு அடையாளமாகப் பலகையில் மாட்டிவிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெரியசாமியின் டோக்கனை அன்று மாட்டியவன் அவன். பலகை நிறைந்திருந்ததைப் பார்த்து, எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று லெவலைச் சுவர் வைத்து அடைத்தீர்கள். அது தவறு. சாந்து காயுமுன்பே சம்பங்கி ஓடிவந்து உண்மையைச் சொல்ல, வாயைத் திறந்தால் வேலை போகும் என்று அனுப்பிவிட்டீர்களாம். அதற்கு வேறு பெயர்.

பெட்டியைத் துணிபோட்டு மூடிவிட்டோம். நாகம்மா இன்னும் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், பூவும் பொட்டுமாக. குடிகாரன் சம்பங்கியின் பேச்சு ஆபீசில் எடுபடாது. பெரியசாமி ஓடவில்லை, கீழேதான் இருக்கிறான் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் சுவரைத் திறப்பார்கள். எழுதுங்கள்.

உங்கள் வீட்டிலும் டெலிவிஷன் இருக்கும். அதில் என்றைக்கும் புள்ளி விழாமல் இருக்கட்டும்.

பெயர் போட்டால் பழைய வஞ்சம் என்று கிழித்தெறிவீர்கள். அதனால் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியது யாராக இருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது பெரியசாமியின் பெயரையும் விட்டுவிடாதீர்கள்.