அப்பா சேர்த்து எழுதிய நாலு வரி

கல்லடி, மட்டக்களப்பு
கார்த்திகை 12, வெள்ளி

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு,

மாமாங்கப் பிள்ளையார் துணையில் நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம், சூரிச்சில் நீயும் மருமகன் ரதீஸும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே நாளாந்த வேண்டுதல். ஐந்து நாளாக அடைமழை, வாவித் தண்ணீர் பின்வேலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. போன் இருக்க இந்த மனுசன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று சிரிப்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், போன கிழமை போல நீ வைத்துவிடுவாய். தபாலில் போட்டால் உன் திங்கட்கிழமைத் தவணை தாண்டிவிடும், அதனால் அம்மாவிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நான் செய்தது பிழையா அப்பா என்று அன்று கேட்டாய். பழுகாமத்துப் பெண் ஒருத்தியின் அகதி விசாரணையில் நீ மொழிபெயர்த்தாய். ஊரில் மிரட்டல் என்றால் கணவனின் ஊருக்குப் போயிருக்கலாமே என்று அதிகாரி கேட்க, வீட்ட விட்டிட்டு எப்பிடிப் போற என்று அவள் சொல்லியிருக்கிறாள். உயிருக்குப் பயந்தவள் வீட்டைப் பார்ப்பாளா என்று அவர் ஒரு மாதிரியாகச் சிரிக்க, நீ பொறுக்காமல், எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார், பெண் அவர் வீட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை என்று உன் பாட்டுக்குச் சேர்த்துவிட்டாய். இப்போது உன்னை அனுப்பும் நிறுவனம், செய்தது தவறென்று திங்கட்கிழமைக்குள் எழுதித் தா, இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் பட்டியலில் உன் பெயர் இருக்காது என்கிறது. நானும் உடனே, ஒரு சொல் கூட்டினாலும் அது மொழிபெயர்ப்பே இல்லை, மன்னிப்புக் கேட்டு எழுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, தேத்தண்ணி மட்டும் சத்தமாக மேசைக்கு வருகிறது.

நான் மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்குப் பக்கத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை போட்டபோது இந்த டவுனுக்கே இரண்டு பேர்தான், கிழமைக்கு நாலு காணி உறுதிப் பத்திரம் வந்தால் பெரிய காரியம். பிறகு சனம் சுவிஸ், கனடா, லண்டன் என்று கிளம்ப, பிறப்பு, விவாக, இறப்புப் பத்திரம் எல்லாம் ஆங்கிலமாக வேண்டியதாயிற்று. இப்போது என் தெருவில் மட்டும் ஏழு கடை. எதிர்க்கடை சரீப் காக்கா கட்டார், சவூதி வேலை ஒப்பந்தங்களை அரபியிலிருந்து தமிழாக்கியே மாடி கட்டிவிட்டார். உன் பக்கமும் அதுதானே, முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்த்தான் தாய்மார் டொக்டரிடம் நோய் வருத்தம் சொன்னார்கள், சனம் கூடக் கூட ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம் எல்லாம் ஆள் தேடின என்று நீதான் சொன்னாய். ஊர் விட்டுப் போன சனத்தால்தான் நம் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிகிறது, அதை மறந்து நான் சட்டம் பேசினேன்.

உன்னிடம் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. வெல்லாவெளி இளையதம்பி அண்ணன், வயல் செய்கிறவர், மூன்று வருசத்துக்கு முன் லண்டனில் மகன் விஜிதரனுக்குச் சிறுநீரக ஒப்பரேசன் என்று, பக்கத்தில் இருக்க விசா கேட்டு என்னிடம் வந்தார். உங்கள் பெயரில் வீடு, காணி உண்டா என்று படிவம் கேட்டது. ஒண்டுமில்ல தம்பி, எல்லாம் மகள்ட பேரில எழுதியாச்சு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். கடமை முடித்த தகப்பனுக்கு அது பெருமை. அவரும் மனைவியும் அதே வீட்டு வளவில்தான் இருக்கிறார்கள், வயலும் அவர்தான் செய்கிறார். நான் இல்லை என்று எழுதி, மகளுக்கு எழுதிய சீதன உறுதியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி முத்திரை குத்தினேன். வாசிக்கிற விசா அதிகாரி என்ன நினைப்பான் என்று தெரிந்தும் வாய் திறக்கவில்லை. திரும்பி வர இவருக்கு ஊரில் ஒன்றுமில்லை என்று விசா மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக் கடிதத்தையும் என்னிடமே கொண்டுவந்தார், நானே தமிழில் வாசித்துக் காட்டினேன். மகளுக்கு வீடு குடுக்காத தகப்பன் ஆரு தம்பி, அத நீங்க அவங்களுக்குச் சொல்லல்லையா என்று கேட்டார். அது என்ட வேலை இல்ல அண்ணே என்றேன். கோபிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஒப்பரேசன் நாள் முழுக்க கோயில் வாசலில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாராம். பொடியன் தப்பிவிட்டான், ஆனால் என் மனம் இன்றுவரை ஆறவில்லை.

நீ போனை வைத்த மூன்றாம் நாள் அவர் திரும்ப வந்தார். தை மாதம் மகனுக்கு அங்கே கலியாணம், அகதியாகப் போன பிள்ளை இங்கே வர ஏலாது, இவர்தான் திரும்ப விசா கேட்டுப் போக வேண்டும். அதே உறுதியை எடுத்து, இம்முறை அடியில் கோடு போட்டு, இது உறுதியில் உள்ளதல்ல, மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு என்று தொடங்கி, எங்கள் வழக்கத்தை நாலு வரியில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபத்தெட்டு வருசத்தில் இதுதான் முதல் தடவை. அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இதத்தானே தம்பி நான் அண்டைக்கே சொன்னன் என்றார்.

ஆகவே மகள், போனில் நான் சொன்னது பிழை. இது அவ சொன்னதல்ல, நான் விளக்குவது என்று சொல்லி முதலில் அனுமதி கேட்காததுதான் உன் குறை, அதை மட்டும் எழுது. சொன்னது தவறென்று எழுதாதே, அது உண்மை, அந்த அறையில் அதைச் சொல்ல அந்தப் பெண்ணுக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. பெயரை எடுத்தால் எடுக்கட்டும், உன்னை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீயும் ரதீஸும் நிறைவாக வாழ இறைவன் அருளட்டும். டொக்டர் தந்த இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் எடுக்கச் சொல்லி அம்மா சொல்கிறா. இளையதம்பி அண்ணனின் விசா விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை போகிறது. என் நாலு வரியையும் படம் எடுத்து அனுப்புகிறேன். இந்த வேலைக்கு நான் புதிது, பிழை இருந்தால் திருத்தி அனுப்பு.

உன் அப்பா,
உதயரூபன்