காலை எடுத்தாலும் நிற்காத வண்டி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எங்களைவிட ஒரு படி மேலேயே சுகமாக இருக்க வேண்டும். ஃபோனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே விழுவாய், அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

அப்பா இனிமேல் கார் ஓட்டக்கூடாதென்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், கண்ணில் ஊசி போட ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவார்கள், வீட்டை விற்றுவிட்டு எங்கள் ஊருக்கே வந்துவிடுங்கள், மாப்பிள்ளை மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார் என்றாய். நீ சொன்னதில் தப்பே இல்லை. நம் தெருப்பக்கம் பஸ் கிடையாது, வாடகைக் காரைக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்பான், ஆளே வரமாட்டான். ஆனால் அப்பாவை வீட்டோடு இருக்கிற அவர் பட்டறையிலிருந்து பிரித்து மூன்றாவது மாடியில் உட்கார வைத்தால் அவர் என்ன செய்வார் சொல். பார்க்கிறவற்றின் ஓரம்தான் அவருக்குத் தெரிகிறது, நடுவெல்லாம் புகை மாதிரி இருக்கிறதாம். பட்டறையில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியும், அங்கே புது வீட்டில் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பாமலே இறங்கிவிட்டேன். இவ்வளவு பெரிய பெட்டியை நான் எப்படி இழுத்துக்கொண்டு போவேன் என்று கேட்டேன். அவர் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார்.

உள்ளே என்ன நடக்கிறதென்று நான் எட்டிப் பார்க்கவில்லை, மனிதர் ஏதோ ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தால் சரி என்று விட்டுவிட்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு குட்டி வண்டி. கோ-கார்ட் என்று அதற்குப் பெயராம். புல் வெட்டும் மெஷினின் இன்ஜின், தள்ளுவண்டிச் சக்கரம், உட்கார என்னுடைய சமையலறை நாற்காலி, அதன் காலையும் அறுத்துவிட்டார். பக்கத்து வீட்டு வெல்டர்தான் இரும்பை ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைக் கொத்திச் சமமாக்கி, தண்ணீர் நிரப்பிய பீப்பாயை உருட்டி அழுத்தி, வளைவுக்கு வளைவு பழைய டயரைப் போட்டு மண் பாதையே போட்டுவிட்டார். இதுல ஓட்டு, விழுந்தா மண்ணுலதான் விழுவே என்றார். இந்த வயதில் தரையோடு தரையாக உட்கார்ந்து வண்டி ஓட்டுவதா என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தேன்.

முதல் நாளே மானம் போயிற்று. ஆயுசு முழுக்க மோட்டார் தையல் மெஷினை மிதித்தவள் நான், காலை எடுத்தால் ஊசி நின்றுவிடும். வளைவு வந்தது, காலை எடுத்துவிட்டு நிற்கும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். அது எங்கே நிற்கிறது. துணி காயப்போட்ட கொடிக்குள் புகுந்து, போர்வையைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் நின்றது. அப்பா மறுநாளே ஒரு ஸ்பிரிங்கைக் கட்டி, காலை எடுத்தால் பிரேக் தானாகப் பிடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். உன் மெஷின் மாதிரியே இருக்கும் என்றார். அப்புறம் என்ன, தினமும் சாயங்காலம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சுற்றினேன். பயமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் கத்திக்கொண்டே ஓட்டினேன் என்று வெல்டர் உன்னிடம் சொன்னால் நம்பாதே, பாட்டுதான் பாடினேன்.

அந்தத் தைரியத்தில் காரை எடுத்தேன். வாசலிலேயே காலை எடுத்தேன், கார் நிற்காமல் மெதுவாக ஊர்ந்து போய் கேட்டில் முட்டியது. அதிகமாக ஒன்றுமில்லை, ஒரு கீறல்தான். ஆனால் தெருவில் யாராவது நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும். குட்டி வண்டியில் இருக்கிற அந்த ஸ்பிரிங்தான் என் காலைக் கெடுக்கிறது, கழற்றிவிடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். உனக்காகத்தானே பண்ணேன் என்று மட்டும் சொன்னார். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தாலும் நடுவில் நான் தெரிந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. விடிந்ததும் அவரே கழற்றினார். வளைவில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கண்ணை மூடி இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டார். லேட்டா மிதிக்கிறே, இன்னும் முன்னாடியே மிதி என்பார். என் கால் பழகும்வரை அந்த வாளியை விட்டு எழுந்திருக்கவில்லை.

லைசென்ஸ் வாங்கிவிட்டேன் கண்ணு. சோதிக்க வந்த அதிகாரி, எங்கேம்மா கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார், வீட்டுக்குப் பின்னால் என்றேன். இந்த வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். போகிற வழி முழுக்க அவர் வலது கால் தரை மிதியடியை மிதித்துக்கொண்டே இருந்தது, அங்கே பிரேக் இருக்கிற மாதிரி. ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது சத்தமே இல்லையே என்று ஒரு சிக்னலில் பார்த்தேன். தூங்கிவிட்டிருந்தார். யார் ஓட்டினாலும் கண் கொட்டாமல் சாலையைப் பார்க்கிற மனிதர், என் பக்கத்தில் வாய் திறந்து தூங்கினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, ஆனால் பச்சை விழுந்துவிட்டதே, துடைக்க நேரமில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் மேல் இருக்கிற அக்கறைக்கு என் நன்றியைச் சொல். அந்த வீட்டுக்கு வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளட்டும். என்னாலும் முடியாத நாள் வந்தால் நானே சொல்கிறேன், அன்றைக்கு மூட்டையைக் கட்டிவிடலாம். நீ ராத்திரி கண் முழித்து வேலை பார்க்காதே, உன் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடு, அப்பா கண் உனக்கும் வந்திருக்கப் போகிறது. குட்டிக்கு என் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் மனம் நிறைய நெடுங்காலம் வாழ வேண்டும்.

லீவுக்கு வரும்போது ஸ்டேஷனில் வாடகைக் கார் பிடிக்காதே, நான் வருகிறேன். நெருக்கடியான இடத்தில் பின்னால் எடுத்து நிறுத்த இன்னும் சரியாக வரவில்லை, அதனால் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பேன். பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்து வா.

இப்படிக்கு,
உன்னை அழைத்துப்போகக் காத்திருக்கும்
அம்மா